படம் நட்ட பாத்தி

மார்ச் 3

பொம்மிக்கா,

இத்தனை வருஷமா உன் வீட்டு விலாசத்துக்கு எழுதினவ, இன்னிக்கு அந்த வீட்டிலேயே உட்கார்ந்து உனக்கு எழுதறேன். நீ போன பிறகும் லெட்டரான்னு என் வீட்டுக்காரர் கேட்கலை. சன்னலைத் திறந்துவிட்டுட்டுப் போனார். அஞ்சாவதோட நின்னவ எழுத்துன்னு கேலி பண்ணுவியே, அதே கோணல் எழுத்துதான்.

உன் மகன் தொரைக்காகத்தான் இங்கேயே வந்துட்டோம். அவனை மாதிரி புத்தி மெதுவா ஓடறவங்க வேலை பார்க்கிற தோட்டம் இந்த ஊர்லதானே இருக்கு. முப்பது வயசு ஆம்பிளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, திட்டும் வாங்கறேன். அம்மா கீழேயிருந்து மேலே போடுவாளாம், எனக்குத் தெரியலையாம். நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கே.

நீ ஆஸ்பத்திரியில கண்ணை மூடினப்போ அவன் தோட்டத்துல இருந்தான். கூட்டிட்டு வந்தா கத்துவான், வேண்டாம்னு பெரியவங்க சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன். சாயங்காலம் வந்து அம்மா எங்கேன்னான். "வருவா, கொஞ்சம் பொறு"ன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதையேதான் சொல்றேன். வேற எதுவும் வாயில வரமாட்டேங்குது.

உன் தங்கச்சி

மார்ச் 17

பொம்மிக்கா,

தோட்டத்துக்கு ஒரு போட்டோக்காரர் வந்திருக்கார். அங்கே முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாதில்லையா, அதனால விதை போட்டதும் பாத்தி தலைமாட்டுல ஒரு குச்சி நட்டு, அதுல படம் மாட்டறாங்க. தக்காளிப் படம் இருந்தா அங்கே தக்காளி வரும். பழைய படமெல்லாம் வெயில்ல வெளுத்துப்போச்சு, இவர் புதுசா எடுக்கிறார். அப்படியே ஆளுங்களையும் எடுத்திருக்கார். தொரை முள்ளங்கியைப் பிடிச்சுக்கிட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பா நின்னானாம். கொஞ்சம் சிரிங்க சார்னு கேட்டதுக்கு, முள்ளங்கி சிரிக்கலையேன்னானாம்.

தோட்டத்து டீச்சருக்கு அவன்மேல ஒரே குறை, தண்ணி. வாளி வாளியா ஊத்தி விதையை அழுக வச்சிடறான். நீ ஊத்தற ஊத்துக்கு மீன்தான் முளைக்கும்னு அவங்க வையறதை, வீட்டுக்கு வந்து பெருமையா சொல்றான்.

பீரோவுல இருந்த உன் படத்தைக் காணோம். அவன் கண்ணுல படக்கூடாதுன்னு உன் புடவைக்கு நடுவுலதான் ஒளிச்சு வச்சிருந்தேன். தேடாத இடமில்லை.

உன் தங்கச்சி

மார்ச் 29

பொம்மிக்கா,

உன் படம் கிடைச்சிருச்சு.

போன வாரம் போட்டோக்காரர் வீட்டுக்கே வந்து ஒரு போட்டோவைக் கையில கொடுத்தார். வெறும் பாத்தி. தலைமாட்டுல குச்சி. குச்சியில, பிளாஸ்டிக் பையில சுத்தின உன் படம். தொரை குனிஞ்சு தண்ணி ஊத்திக்கிட்டிருக்கான். "யாரும்மா இவங்க? தினமும் ஊத்தறார். கேட்டா, அம்மா வருவா, சித்தி சொல்லிச்சுங்கிறார்."

படம் வச்ச இடத்துல அது வரும்னு தோட்டம் சொல்லிக்கொடுத்தது. வருவான்னு நான் சொன்னேன். அவன் ரெண்டையும் சேர்த்துக்கிட்டான்.

அப்பவே கிளம்பிப் போனேன். முளைக்காத பாத்தியில குச்சியைப் பிடுங்கிடுவோம், ஆனா இதைப் பிடுங்க எங்களுக்குக் கை வரலைம்மான்னு டீச்சர் சொன்னாங்க. பாத்தி ஓரத்துல அவன் பக்கத்துல உட்கார்ந்தேன்.

"தொரை, அம்மா செத்துப்போயிட்டா. இனிமே வரமாட்டா. வருவான்னு சித்தி சொன்னது பொய்"னேன்.

அவன் கத்தலை, அக்கா. கத்துவான்னுதானே உன் முகத்தைக்கூடப் பார்க்க விடலை. மண்ணுக்குள்ள கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். பிழிஞ்சான். தண்ணி சொட்டுச்சு. அதையே பார்த்துக்கிட்டிருந்துட்டுக் கேட்டான்.

"சித்தி, நான் தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேனா?"

இல்லடா, இல்லடான்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தான். நம்பலை. பொய்னு இப்பத்தானே சொன்னே, இது மட்டும் எப்படி நிசம்னு கேட்கிற மாதிரி இருந்தது.

அன்னியிலிருந்து வாளியைத் தொடமாட்டேங்கிறான். அவன் முள்ளங்கிப் பாத்தி வெடிச்சுக் கிடக்கு. அடுத்த பாத்தி ஆளு ஊத்த வந்தாக்கூட, வேண்டாம் செத்துப்போயிடும்னு தடுக்கிறானாம். காலையில பொத்தானைக் கீழேயிருந்து சரியாத்தான் போட்டுவிட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லலை.

நீ சொன்னா நம்புவான். என் வாய்ச் சொல்லை அவன் இனிமே எப்படி நம்புவான், பொம்மிக்கா?