ஏரித்தண்ணீரில் ஊறிய கசப்பு

தை 8, புதன்

விடியலிலிருந்து வாடைக்காற்று. ஏரியில் கலங்கல் தெளிந்து வருகிறது. பூநாரைகள் இறங்கியாயிற்று.

இன்றைய வேலை: கசப்பு தேடுவது. கோட்டைத் துரையின் கசப்புக் குப்பி நேற்று மத்தியானம் தீர்ந்தது. கவிழ்த்துப் பிடித்தேன், இரண்டு சொட்டு. மூன்றாவதற்கு அவர் காத்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

(ஒவ்வொரு தடவையும் துரை, துரை என்று எழுதினால் தாள் போதாது. இனி து.)

சாப்பாட்டுக்கு முன் அவருக்கு ஒரு கோப்பை. பனஞ்சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர். மேலே ஐந்து சொட்டு கசப்பு, அவர்கள் ஊர் வேரும் பட்டையும் ஊறவைத்து இறக்கியது. அந்த ஐந்து சொட்டு விழாவிட்டால் குழந்தைகள் குடிக்கும் பானகம் என்கிறார். பசியும் எடுப்பதில்லையாம். புரட்டாசிக்கு முன்பே வந்திருக்க வேண்டிய கப்பல் இன்னும் வரவில்லை. ஆகவே நான் தேட வேண்டும்.

என் உத்தியோகம் சமையல்கட்டுக்கும் கிடங்குக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது. பதின்மூன்று வருஷம். அவர்கள் சொன்னதில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. மருந்து அரைப்பதும் இதில் சேர்த்தி என்று யாரும் முன்பே சொல்லவில்லை.

சிப்பாய்கள் குடிக்கும் கடை: காலிக் குப்பி. முகர்ந்து பார்த்தேன், கடைக்காரன் சிரித்தான். ஆர்மேனிய வியாபாரி வீடு: ஒன்று இருந்தது, தக்கை உலர்ந்து சாறு புளித்துவிட்டது. அவ்வளவுதான் இந்த ஊர்.

தை 9, வியாழன்

பொன்னேரிச் சந்தை. போக வர முழு நாள். மாட்டு வண்டியில் இடுப்பு போயிற்று. கசப்பாக எது இருந்தாலும் கொடு என்றதற்கு, வீட்டில் யாருக்கு உடம்பு என்று கடைக்குக் கடை விசாரிப்பு.

வாங்கியவை: நிலவேம்பு, வேப்பம்பட்டை, சிறுகுறிஞ்சான் இலை, கற்றாழைச் சாறு உலர்த்திய கரியபோளம் கொஞ்சம். எல்லாவற்றையும் இரண்டு தரம் வடித்த சாராயத்தில் தனித்தனியாகப் போட்டு மாடியில் வெயிலில் வைத்திருக்கிறேன்.

அலமேலு (என் மனைவி, வாய் அதிகம், பெரும்பாலும் நியாயமும் அவள் பக்கம்): "ஊரே கசப்பு போகணும்னு சாமி கும்புடுது. நீங்க வண்டி கட்டிக்கினு கசப்பைத் தேடிப் போறீங்க."

தை 13, திங்கள்

ருசி பார்த்த நாள். முதலில் நான். பிறகு, நான் உயிரோடு இருந்தால், து.

வேப்பம்பட்டை: எண்ணெய் நாற்றம். நிலவேம்பு: கசப்பு சரி, ஆனால் வந்த விருந்தாளி போகவே இல்லை. சாயங்காலம் குடித்த மோரும் கசந்தது. சிறுகுறிஞ்சான்: கசப்பு குறைவுதான், ஆனால் நாக்கில் தித்திப்பே செத்துப்போயிற்று. சர்க்கரை மணல் மாதிரி. கரியபோளம்: எழுத வேண்டாம். மத்தியானம் முழுவதும் கொல்லைப்பக்கம்.

து.விடம் நிலவேம்பு மட்டும் கொடுத்தேன். ஒரு வாய். கோப்பையை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டினால் மொழிபெயர்க்கவாவது வேலை இருக்கும்.

தை 14, செவ்வாய்

காற்று திரும்பவில்லை. வயிறு தேவலை.

சமையல்கட்டில் நண்டு கழுவிக்கொண்டிருந்த முனியம்மா (இனி மு.) என் குப்பிகளை முகர்ந்து பார்த்தாள். கேட்காமலே சொன்னாள்: "கசப்பு வந்து குந்திக்கக் கூடாது சாமி. வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடணும்." ஆறு நாளாக நான் தேடியது என்ன என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் வழி: நாரத்தங்காய்த் தோலைச் சீவி, ஒரு பகல் ஒரு ராத்திரி ஏரித்தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதன் பிறகுதான் சாராயத்தில் போட வேண்டும். கூட நிலவேம்பு ஒரு சிட்டிகை, சுட்ட வசம்பு ஒரு துண்டு. வசம்பு என்று அவள் வாயால் சொல்லவில்லை. பெண்கள் சொல்வதில்லை, "பேர் சொல்லாதது" என்றாள். உப்புத்தண்ணீர் தோலில் உள்ள ஒட்டும் கசப்பை எடுத்துவிட்டு ஓடும் கசப்பை விட்டுவைக்குமாம்.

மு.வைப் பற்றி: ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். மழை பொய்த்து, முகத்துவாரத்தை மணல் அடைத்து, ஏரியில் இறாலே இல்லாமற்போன வருஷம், வீட்டாருக்கு அரிசி கிடைக்கும் என்று தன்னையே கோட்டைக்கு அடிமையாக எழுதிக்கொடுத்தவள். அந்தச் சீட்டை நான்தான் இரண்டு பாஷையிலும் படித்துக் காட்டினேன். படிக்கும்போது ஊர்க் கடுதாசி படிப்பதுபோலத்தான் படித்தேன்.

புருஷன் எல்லப்பன் தினமும் காலையில் சமையல்கட்டு வாசலில் இறால் கொண்டுவந்து போடுவான். அவளைப் பார்க்கத்தான் அந்த இறால்.

தை 15, புதன்

தண்ணீர் விஷயம். எல்லப்பன் ஒரு பானை கொண்டுவந்தான். மு. விரலில் தொட்டு நாக்கில் வைத்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி தோணி ஓட்டிப் போய் பசியாவரம் தீவுக்குத் தெற்கேயிருந்து இன்னொரு பானை. அது சரி.

எனக்கு இரண்டும் உப்பாகத்தான் இருந்தன. "எப்படிடா தெரியும்?" என்று அவனைக் கேட்டேன்.

"இறால் எங்க கீதுன்னு தண்ணிய வாயில வெச்சுதான் சாமி பாப்போம். கடத்தண்ணியும் ஆத்துத்தண்ணியும் கலக்குற எடம். இன்னிக்கு ஒரு எடம், நாளிக்கு ஒரு எடம்."

எனக்கு ஒரு சந்தேகம். முதல் பானையை வேண்டுமென்றே தப்பான இடத்தில் மொண்டு வருகிறான். ஒரு நாளில் இரண்டு தரம் அவளைப் பார்க்கலாமே. அவளுக்கும் தெரியும் போல, திருப்பி அனுப்பும்போது முகத்தில் கோபமே இல்லை.

தை 18, சனி

து. குடித்தார். முதல் வாய் வைத்துவிட்டுக் கோப்பையையே பார்த்தார். பிறகு மீதியை. பிறகு இன்னொன்று கொண்டுவா என்றார். கோழி முழுவதும் சாப்பிட்டார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் செய்தது என்ன? குப்பியைத் தூக்கிப் போனது. ஆனாலும்.

தை 20, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிடங்கு அதிகாரி ஒரு பட்டியல் கொடுத்தார். கப்பல் வந்து திரும்பும்போது கிழக்குத் தீவுகளுக்கு ஏற்ற வேண்டிய அடிமைகள். முப்பது பேர். ஏற்றும் அன்று கரையில் நின்று பேர்களைப் படிப்பது என் வேலை. இங்கத்திப் பேர்கள் அவர்கள் வாயில் நுழையாது. இதற்கு முன் இரண்டு கப்பலுக்குப் படித்திருக்கிறேன்.

ஏழாவது பேர் மு.

போனவர் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவளிடம் சொல்லவில்லை. எல்லப்பன் இன்றும் இரண்டு பானை.

வீட்டில் சொன்னேன். அலமேலு அரிசி களைவதை நிறுத்தினாள். "அவ இல்லேன்னா கசப்பு இல்லேன்னு போய்ச் சொல்லுங்க. பொய்யா அது?" பொய் இல்லை. முழுக்க மெய்யா என்று யோசித்தேன். அவள், "யோசிக்கிற நேரமா?" என்றாள்.

தை 21, செவ்வாய்

சொல்லிவிட்டேன். து.விடம், அவள் இல்லாவிட்டால் கசப்பு இல்லை என்று. முழுதும் கேட்டார். கோபமில்லை. அவர் பதில் நியாயமாகவே இருந்தது, அதுதான் வினை. செய்முறை முழுவதையும் அவர்கள் பாஷையில் எழுதிக் கொடு, கோட்டை வைத்தியர் அதன்படி செய்து பார்க்கட்டும், வந்துவிட்டால் ஆள் எதற்கு என்றார்.

தை 22, புதன்

எழுதினேன். இரண்டு பக்கம்.

உண்மையை இங்கேயாவது சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்றை விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சுடுவதை விடலாம், நிழலில் உலர்த்துவதை விடலாம். பேனா நனைத்த பிறகு என்னால் முடியவில்லை. தோல் எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பதுவரை எழுதினேன். தண்ணீரைப் பற்றிய இடம் வந்தபோது கை நின்றது. அதையும் எழுதினேன்: இரண்டு தண்ணீரும் கலக்கும் இடத்தில், கஞ்சிக்கு உப்புப் போட்ட அளவு, நாக்கில் வைத்துப் பார்க்கவும். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. எழுதி முடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கூடப் பார்த்தேன். கிறுக்கு.

அலமேலுவிடம் படித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன்? "எழுத்து ஷோக்காகீது," என்றாள். "அவ கழுத்தை அறுத்துட்டு ரத்தத்தைத் தொட்டு எழுதினாலும் உங்க எழுத்து ஷோக்காத்தான் இருக்கும்." ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தாள்.

தாளை வைத்தியரிடம் கொடுத்தாயிற்று.

தை 24, வெள்ளி

ஒன்றுமில்லை. மேகம். வைத்தியர் தோல் சீவினார். நான் எழுதியதைவிட மெல்லிசாகச் சீவுகிறார்.

சமையல்கட்டில் மு. எனக்குப் பொரித்த இறால் எடுத்துவைத்திருந்தாள். "நாலு நாளா மூஞ்சே சரியில்ல சாமி." அங்கேயே நின்று சாப்பிட்டேன். அவளைப் பார்க்காமல்.

தை 28, செவ்வாய்

வைத்தியரின் சாறு தயார். து. மேசையில் இரண்டு கோப்பை. நான் சுவரோரம்.

முதல் வாயிலேயே து. துப்பிவிட்டார். வைத்தியர் தானும் குடித்துப் பார்த்து முகம் சுளித்தார். எனக்கும் கொடுத்தார்கள். பழைய ஊறுகாய்ப் பானையைக் கழுவிய தண்ணீர்.

தாளில் உள்ளபடிதானே செய்தேன் என்று வைத்தியர் சத்தம் போட்டார். தண்ணீர் எங்கே எடுத்தது என்று கேட்டேன். கோட்டைத் துறையில், காவல்காரன் வாளியில். நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா என்றேன். அந்த ஏரியில் மீன்காரர்கள் கால் கழுவுகிறார்கள், அதை நான் வாயில் வைப்பதா என்றார். அந்தத் துறை, முகத்துவாரத்துக்குப் பக்கம். அங்கே இப்போது முழுக்கக் கடல்தண்ணீர்.

வேறு யாரையாவது ருசி பார்க்க வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். தண்ணீர் தினம் மாறும், அதைச் சொல்ல அவள் நாக்குதான் வேண்டும் என்றேன். மெய்தான். து. தாளை மடித்து எறிந்தார். "அந்தப் பெண் இருக்கட்டும்." மூன்றே சொல்.

நான் எழுதிக் காட்டிக்கொடுத்தேன், வைத்தியரின் அருவருப்பு காப்பாற்றியது. இதில் என் பங்கு என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கோட்டைச் சுவரோரம் வந்து நின்று அழுதேன்.

மு.விடம் எல்லாம் சொன்னேன், பட்டியலையும். அம்மியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லப்பனிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

வீட்டில் ரசத்தோடு இரண்டு கறி.

மாசி 1, வியாழன்

கப்பல். காலையில் அடிவானத்தில் பாய், மத்தியானம் நங்கூரம். அலை தாண்டிப் படகுகளில் சாமான் இறக்குகிறார்கள். கசப்பு இரண்டே குப்பி, மீதியை வழியில் வேறு கோட்டை எடுத்துக்கொண்டதாம். நல்லதாயிற்று.

மாசி 3, சனி

கரை. வெயில். பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். புதிதாக நகல் எடுத்த தாள்.

ஆறு பேர் படித்தேன். ஏழாவது, தாயாரு. கிடங்கில் நெல் குத்துகிற பெண்ணாம். நான் பார்த்ததில்லை. முப்பது என்றால் முப்பது. ஒன்றை அடித்தால் இன்னொன்றை எழுதத்தான் செய்வார்கள். இது எனக்கு எப்படித் தோன்றாமற்போயிற்று? பதின்மூன்று வருஷமாக அவர்களோடு இருக்கிறேன்.

படித்தேன். அவள் "ஆங்" என்றாள். இருபது வயதுகூட இருக்காது. அலையில் படகு தூக்கிப் போட்டபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மீதி இருபத்துமூன்று பேரையும் படித்தேன், குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மு. சமையல்கட்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் பானை. எல்லப்பன் அப்போதுதான் போயிருந்தான்.

"என் எடத்துல யாரையாச்சும் ஏத்துனாங்களா சாமி?"

"இல்லை" என்றேன்.

"அப்ப இருபத்தொம்பது பேர்தானா?"

ஆமாம் என்றேன்.