உன் பிரசவத்துக்கு நான் வராத காரணம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எழுந்ததும் என் முதல் நினைப்பு. பயலுக்குப் பல் முளைத்துவிட்டதா, போன கடிதத்தில் நீ எழுதவில்லை. பிரசவத்துக்கு வரச்சொல்லி நீ டிக்கெட் அனுப்பியும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். "அம்மாவுக்கு அந்தச் சலவைக்கூடம்தான் பெத்த பிள்ளை" என்று அப்பாவிடம் சொன்னாயாம். காரணம் வேறு. எனக்கு ஆறு வருடமாகக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. காலையில் ஒன்றும் தெரியாது, மத்தியானத்துக்குமேல் அடியில் ஒரு முட்டை வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், விரலால் உள்ளே தள்ளிவிட்டு வேலை பார்ப்பேன். இருமினால் சிறுநீர் கசியும். அதோடு அவ்வளவு நேரம் விமானத்தில் எப்படி உட்கார, வந்தாலும் உன் பிள்ளையை எப்படித் தூக்க?

மூன்று மாதத்துக்கு முன் ஈரப் போர்வை மூட்டை ஒன்றை இயந்திரத்திலிருந்து இழுத்தேன், மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் சிறுநீர் போகவில்லை. கழிப்பறையில் அரைமணி நேரம் நின்றேன். பக்கத்து இயந்திரத்து அக்கா, அந்தச் சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரி, "உள்ள என்ன குடித்தனமா நடத்துற" என்று கதவைத் தட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். ஆறு வருடம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றாள். "என்னன்னு சொல்றதும்மா, அந்த எடத்துக்குப் பேர்கூட நான் வாயால சொன்னதில்ல" என்றேன். தகவல் தெரிந்து ஓடிவந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பக்கத்துலயேதான் படுத்திருந்தேன், எனக்கே தெரியலையே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இப்போதெல்லாம் வயிற்றைக் கிழிப்பதில்லையாம். நாலு சின்னத் துளை, ஒன்றில் கேமரா. கர்ப்பப்பையை எடுக்காமலே, மெல்லிய வலைத்துண்டு ஒன்றை வைத்து முதுகெலும்பின் அடிப்பக்கத்தோடு சேர்த்துத் தூக்கித் தைக்கிறார்கள். திரும்ப இறங்கலாம், வலை உறுத்தலாம் என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அப்பா கட்டுகளை எண்ணிவிட்டு, "சட்டைப் பொத்தான் ஓட்ட மாதிரி நாலு, இதுக்கா மூணு மணி நேரம்?" என்று நர்ஸிடம் கேட்டார். சிறுநீருக்கு வைத்திருந்த குழாயை எடுத்தபின் தானாகப் போனது. நர்ஸ் அளந்து குறித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, மற்ற எதற்கும் வரவில்லை. இப்போது வாளி தூக்குவதெல்லாம் அப்பாதான். துணியைச் சரியாகப் பிழியாமல் காயப்போடுகிறார், மாடிப்படியெல்லாம் குளம்.

வேலையில் மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். என்ன ஆபரேஷன் என்று கேட்டால் குடல்வால் என்று சொல்லலாம் என்றுதான் போனேன், வாயைத் திறந்ததும் உள்ளது வந்துவிட்டது. மேசையில் எல்லோரும் குனிந்து துணி மடிப்பதிலேயே இருந்தார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் மூன்று பேர், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தியாக வந்து, அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுப்போனார்கள். அதில் ஒருத்திக்கு இருபத்தெட்டு வயதுதான்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன் பையன் நாலு கிலோ, ஆயுதம் போட்டு எடுத்தார்கள் என்றாய். அடியில் கனமாக இருக்கிறதா, தும்மினால் நனைகிறதா, ஏதாவது தட்டுப்படுகிறதா? இருந்தால் டாக்டரிடம் போ, மாப்பிள்ளையிடமும் சொல். மூவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள். பதில் எழுதும்போது பல்லைப் பற்றி எழுது, வீட்டைப் பற்றி எழுது, ஆனால் நான் கேட்ட இதை மட்டும் விட்டுவிட்டு எழுதாதே. நீ எதை விடுவாய் என்று எனக்குத் தெரியும், நீ என் மகள்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா