பட்டியலில் இல்லாத வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சின்னவளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைப்பது வழக்கம்தான், இந்த வாரம் அந்த நினைப்பு வேறு மாதிரி வருகிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடிக் குழாயின் ஒழுகல் நின்றுவிட்டது, ஆனால் அதைச் சரிசெய்ய வந்த பிளம்பர் போகும்போது சமையலறைக் குழாயை ஒழுக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "ஒரு குழாய்க்குக் கூலி வாங்கிட்டு இன்னொரு குழாய்க்கு அட்வான்ஸ் போட்டுட்டுப் போறான்" என்கிறாள் உன் அம்மா. இதையெல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. கடிதம் கைக்கு வந்ததும் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

ஏன் போனில் முடியாது என்று கேட்பாய். நீ வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும்போது சின்னவள் பிடுங்கிக்கொள்கிறாள். மிச்சமிருப்பது, வேலை முடிந்து குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு நீ வீட்டுக்குப் போகிற நேரம்தான். எங்களோடு நீ பேசுவதே வண்டி ஓட்டிக்கொண்டுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை கண்ணு, அந்த நேரத்திலாவது கூப்பிடுகிறாயே என்று நாங்கள் காத்திருக்கிறோம். ஆனால் நான் சொல்ல வேண்டியது அந்த வண்டியைப் பற்றியது, நான் வாங்கிக் கொடுத்த அந்தக் காரைப் பற்றியது. ஓட்டிக்கொண்டிருக்கிற பெண்ணிடம், உன் வண்டி நடுரோட்டில் திடீரென்று நின்றுபோகலாம் என்று எப்படிச் சொல்வேன்? 'வண்டியைப் பார்த்து ஓட்டு' என்று செய்தி மட்டும் அனுப்பினேன். நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினாய். கேஸ் குழாய், செல்போன் சார்ஜர், குளியலறை வழுக்கல் என்று நான் அனுப்புகிற எல்லாவற்றுக்கும் அதே கட்டை விரல்தான் வரும். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பயப்படுகிறவன் பேச்சில் எது நிஜமான பயம் என்று யார் கண்டுபிடிப்பார்கள்?

மாப்பிள்ளைக்கும் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி முன்னால் வைத்துக்கொண்டுதான் செய்தேன். எடுத்ததும், "சொல்லுங்க மாமா, இன்னிக்கு எது? கேஸ் அடுப்பா, மாடிப்படியா?" என்று சிரித்தார். 'மாமாவுக்கு ஒரு காத்தாடி வாங்கிக் கொடுத்தாக்கூட பிரேக் எங்க இருக்குன்னு கேப்பாரு' என்று முன்பு அவர் சொன்னபோது நானும்தான் சேர்ந்து சிரித்தேன், கேலியில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் தாளில் இருந்ததெல்லாம் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. "வண்டி நல்லா ஓடுதுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "பிரமாதமா ஓடுது மாமா. மாமனார் கொடுத்த வண்டியாச்சே!" என்றார். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓட்டாதீங்கன்னு சொல்லுங்கன்னா வாழ்த்து சொல்லிட்டு வைக்கிறீங்களே! அவர் என்ன மாப்பிள்ளையா, மாஜிஸ்திரேட்டா?" என்று கேட்டாள். 

இனிமேல் சொல்வது கஷ்டமான செய்தி. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா வண்டியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அம்மா உன்னிடம் சொன்னாள் இல்லையா. நீ அப்போது மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய், அதனால் அவள் மீதியை விழுங்கிவிட்டாள். டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். உன் பால்பல்லைப் பிடுங்கிப் பஞ்சில் சுற்றி உன் கையிலேயே கொடுத்தவர். உன்னிடம் இத்தனை நாள் மறைத்ததற்கு எங்கள் இருவர் மேலும் கோபப்படு, ஆனால் எப்படி நடந்தது என்பதை முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

கிளினிக்கிலிருந்து திரும்பி வரும்போது, பெரிய சாலையில் பாலத்து ஏற்றத்தில் அவர் வண்டி நின்றுவிட்டது. பின்னால் சுமை ஏற்றிய லாரி. அங்கே கூடியவர்கள், "பொம்பளைங்க ஓட்டினா இப்படித்தான், பதறிட்டு நடுவுல நிறுத்திடுவாங்க" என்று பேசியிருக்கிறார்கள். அவருடைய வீட்டுக்காரரும் அதையே நம்பிக்கொண்டிருந்தார். துக்கம் கேட்கப் போனபோது, "எதையோ மாத்தி அமுக்கிட்டா போல சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் அந்த லாரிக்காரர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என்னையும் மற்றவர்களையும் பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "சிவப்பு லைட்டே எரியல சார். எரிஞ்சிருந்தா நான் மிதிச்சிருப்பேன். முன்னால போன வண்டி அப்படியே செத்துப்போச்சு." சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் டாக்டரம்மா பிரேக்கைத் தொடவில்லை. அவர் நிறுத்தவில்லை, வண்டி தானாக நின்றிருக்கிறது. அந்த வார்த்தையை நான் அங்கேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

அந்த வாரமே பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. உன் வண்டியைச் செய்த கம்பெனி, அதே வகையில் சமீபத்தில் செய்த வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்கிறதாம். டாங்கிக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற சின்ன பம்ப் சூட்டில் உப்பிச் சிக்கிக்கொள்கிறது, ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது செய்தி. நீ கொடுத்த டேப்லெட்டில் கம்பெனியின் பக்கத்துக்குப் போய் உன் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பச்சையில் சரிக்குறி வந்தது, உங்கள் வண்டிக்கு இந்த அழைப்பு இல்லை என்று. உன்னுடையது பழைய வண்டி. டாக்டரம்மாவுடையதும் உன்னுடையதைப் பார்த்து அதே வருஷம் வாங்கியதுதான், அதற்கும் பச்சைதான். "அப்பாடா, இன்னிக்காவது நிம்மதியா சாப்பிடுங்க" என்றாள் உன் அம்மா. நானும் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் எடுக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது.

போன மழைக்காலத்தில் நம் தெருவில் தண்ணீர் வண்டிக் கதவு வரைக்கும் ஏறி நின்றதே, நினைவிருக்கிறதா? உன் வண்டியையும் டாக்டரம்மா வண்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். டாங்கிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று இரண்டு வண்டிக்கும் பெட்ரோல் பம்பைப் புதிதாக மாற்றினார்கள். அதற்குப் பிறகுதானே நீ அதை உன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாய். வண்டி பழையது, பம்ப் புதியது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் மருந்துக் கம்பெனியின் தரச்சோதனை அறையில் இருந்தவன். ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் செய்த மாத்திரைகள், கெட்டது என்று தெரிந்தால் எந்தக் கடை பெரியது சின்னது என்று பார்க்க மாட்டோம், அந்த லாட் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அதன் பின்னாலேயே போவோம். இவர்களோ வண்டியைத் தேடுகிறார்கள், பம்பைத் தேடவில்லை. அறையில் என் மேலதிகாரி, "உனக்குச் சந்தேகம்ங்கிறது ஒரு வியாதி" என்பார். அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் நல்ல பெண். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பச்சை வருது சார். பச்சை வந்தா நல்லதுதானே, நீங்க ஏன் பயப்படறீங்க?" என்றாள். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, "சரிம்மா" என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் போய் அந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். மத்தியானம் மேனேஜரே வந்து, "என்ன சார், வண்டி இல்லாம நீங்க மட்டும் சர்வீஸுக்கு வந்திருக்கீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னேன். பாதி திக்கித்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "லிஸ்ட்ல இல்லாத வண்டிய நாங்க கூப்பிட முடியாது சார். மேலேருந்து வரணும்" என்றார். மேலே யார் என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார்.

வெளியே வரும்போது அந்த நெட்டை மெக்கானிக், உன் வண்டியை எப்போதும் பார்ப்பாரே அவர், டயர் அடுக்கின் பின்னாலிருந்து கூப்பிட்டார். "சார், அந்த வாரம் வந்த பம்ப் எல்லாம் ஒரே பெட்டிதான். டாக்டரம்மா வண்டியும் உங்க பாப்பா வண்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, ரெண்டுக்கும் நான்தான் மாட்டினேன். இப்ப புது வண்டிங்கள்ல கழட்டிப் போடறோமே, அதே பம்ப்தான், அதே எழுத்துதான் மேல இருக்கு. என் பேரு வெளிய வரக்கூடாது சார், எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார். வராது என்று கையைப் பிடித்துச் சொன்னேன். 

அதே வகை வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள் இணையத்தில் எழுதியிருக்கும் புகார்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது என்று ஒருவர், கதவைச் சாத்தினால் தகர டப்பாவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர், அவற்றுக்கு நடுவில் இந்தப் புகார் ஒளிந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, நல்ல வெயிலில், ஏற்றத்தில் நின்றுபோகிறது. கொஞ்சம் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது, அதனால் கொண்டுபோய்க் காட்டினால் 'நல்லாத்தானே இருக்கு' என்று அனுப்பிவிடுகிறார்கள். நிற்பதற்குச் சில நாள் முன்பு வண்டி ஒரு முறை குலுங்கிவிட்டு ஓடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கண்ணு, போன வாரம் உங்கள் ஊர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டே, "அப்பா, உங்க வண்டி இப்ப ஒரு தும்மல் போட்டுச்சு" என்றாய். பின்னால் சின்னவளும் தும்மிக் காட்டினாள். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மாவின் வீட்டுக்காரரிடம் போய் அந்தச் சிவப்பு விளக்கையும் பம்பையும் பற்றிச் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று அவர் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் சொன்னேன். எழுந்து உள்ளே போனார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அவ நல்லா ஓட்டுவா சார்" என்று ஒரு தரம் சொன்னார். நான் குடித்து முடிக்கும் வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். அந்த வண்டியை இனி ஓட்டாதே. சர்வீஸ் சென்டருக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதே, புத்திசாலிகளும் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். இழுவை வண்டியை வரச்சொல். பின் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குக் கீழேதான் பம்ப், மேலே எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். மெக்கானிக் சொன்ன எழுத்துகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவை ஒத்துப்போகாவிட்டால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. சின்னவள் தினமும் அந்தப் பம்பின் மேல்தான் உட்கார்ந்து வருகிறாள் என்பதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பம்பைப் பார்த்துத் தெரிகிற வரை பஸ்ஸில் போ. நேரமாகும், கூட்டமாக இருக்கும், அவள் அழுவாள். அழட்டும்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஒரு லாரிக்காரரின் பேச்சு, பயந்துபோன ஒரு மெக்கானிக்கின் ஞாபகம், முகம் தெரியாதவர்களின் புகார்கள், இவ்வளவுதான் என் கையில் இருக்கிறது. சோதனை அறையில் இதை வைத்து ஒரு முடிவும் எழுத விட மாட்டார்கள். ஆனால் அங்கே சந்தேகம் தீருகிற வரை அந்த லாட்டை யாரும் விழுங்கவும் விட மாட்டார்கள். நான் சொன்னது தப்பாகப் போய், மாப்பிள்ளை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கட்டும். அதை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் சொன்னது சரியாகப் போனால் அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

இந்த முறை மாப்பிள்ளையிடம் நேரிலேயே சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் கிளம்பி, சனிக்கிழமை காலை அங்கே வருகிறேன். அம்மாவின் காலுக்கு அவ்வளவு தூரம் ஆகாது, அதனால் தனியாகத்தான். "நீங்க தனியாவா?" என்று அவள் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. எனக்கு முன்னால் உன் கைக்கு வரட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். அவர் முன்னால் எனக்குப் பேச்சு வராவிட்டால் நீ பக்கத்தில் இரு, அது போதும்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். சின்னவளுக்கு எங்கள் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாமனார் வருகிறார் என்றால் மாப்பிள்ளை மரியாதைக்காக ஸ்டேஷனுக்கு அந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்புவார். சாவியை ஒளித்து வை. என்னை அழைத்துப்போக யாரும் வர வேண்டாம். விலாசம் சட்டைப்பையில் இருக்கிறது, விசாரித்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவேன். எவ்வளவு நேரமானாலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டிலேயே இரு.

உன் நலனையே நினைக்கும்,
அப்பா