கண்மாய்க் கரையில் நீ உதறிய வெள்ளைத் துணி

உன் வெள்ளைத் துணி என் மருந்துக் கடையில், இருமல் டானிக் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சுளிக்கிறார்கள். "என்னண்ணே, மருந்து எதுவும் கெட்டுப்போச்சா?" என்று ஒருத்தர் கேட்டே விட்டார். மருந்து கெடவில்லை, கண்மாய்ச் சேறும் மீன் வாடையும் என்றேன். வீட்டில் வைத்தால் என் மனைவி துவைத்துக் காயப்போட்டுவிடுவாள் என்றுதான் இங்கே கொண்டுவந்து ஒளித்திருக்கிறேன்.

ஏன் ஒளித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு உனக்கே தெரிந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பொறுத்துக்கொள். நீ இருந்தவரை என்னை ஒரு கதையை முழுசாகச் சொல்லவிட்டதே கிடையாது. மைக் செட்காரனோடு பழகினால் வேறு எப்படி இருக்கும்? இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

பாளையம்பட்டியில் நான் கடை போட்ட புதிதில் தொண்டை மாத்திரை வாங்க வந்தவன் நீ. திருச்சுழிப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சாவு எதுவானாலும் உன் ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டுவார்கள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசினாய். தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று மருந்துக்காரனாக ஒரு வார்த்தை சொன்னேன். "செத்த பெறகு குடுக்கிறேன்" என்று சிரித்தாய். அடுத்த மாதமே இருவரும் நீ, வா, போ என்று ஆகிவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு குழு திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்தது. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர்களும், லீவு நாளில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற தன்னார்வலர்களும் கலந்த கூட்டம். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, அங்கே இருக்கிற பறவை, பூச்சி, ஓணான், செடி என்று கண்ணில் படுவதை எல்லாம் ஒரே மூச்சில் பதிவு செய்வது அவர்கள் வழக்கம். கூட்டத்துக்கு மைக் போட வந்த நீ, மைக்கைக் கழற்றிய பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் பின்னாலேயே கருவேலங்காட்டுக்குள் போய், சட்டையைக் கிழித்துக்கொண்டு என் கடைக்கு வந்து பஞ்சும் டிஞ்சரும் கேட்டாய்.

"ஏலே, நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லன்னு எவன் சொன்னான்? எண்ணிப் பாத்துட்டுச் சொல்லச் சொல்லு அவனைய."

அந்த வார்த்தையில் நானும் விழுந்துவிட்டேன். பெண் கொடுக்கக் கூட யோசிக்கிற தண்ணியில்லாத சீமை என்று பேர் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். நம் மண்ணில் எண்ணுவதற்கு ஏதோ இருக்கிறது என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த கணக்கெடுப்பை உன் ஊர்க் கண்மாயில் நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் மந்தைத் திடலில் கூடிய கூட்டத்துக்கு என்னையும் துணைக்கு இழுத்துப் போனாய். பயத்துக்குக் காரணம் இருந்தது. "நாரை இருக்கு, கூழைக்கடா இருக்குன்னு எழுதிட்டுப் போவாக. நாளைக்கே சரணாலயம்னு போர்டு வப்பாக. மாடு மேய்க்காத, மீன் பிடிக்காதன்னா நாங்க எங்கிட்டுப் போறது?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர். கண்மாயின் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. பாசன நிலத்தில் பாதி அவர்கள் வகையறாவுடையது. உன் அப்பா அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். அவர் எதிரில் நின்று பேசுவது உனக்கு லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எண்ணத்தான் வாராக, ஐயா. எடுக்க வரலை. அப்படி எதுவும் நடந்துச்சுன்னா என் செட்டு இந்த ஊருல ஒரு விசேசத்துலயும் பாட வேண்டாம்" என்றாய்.

உன் சோறே அந்தச் செட்டில்தான் இருந்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, ஒரு தடவ வரட்டும், பாப்பம்" என்று எழுந்தார்.

தோதான ஞாயிற்றுக்கிழமை அமைந்தபோது பார்த்தால், அதே நாளில்தான் கண்மாயில் மீன்பிடியும் வைத்திருந்தார்கள். தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்த பிறகு, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கரையில் வந்து நிற்கும். பெரியவர் மடைக் கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வெள்ளை வீசும் வரை ஒரு குஞ்சு கூடத் தண்ணீரில் கால் வைக்காது. வீசிய மறு நிமிடம் மொத்த ஊரும் கண்மாய்க்குள் இருக்கும். பறவைக் கணக்கைத் தள்ளிப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "விடியும்போதே பறவையை எண்ணிரலாம்டா. வெயில் ஏறித்தான வெள்ளை வீசுவாக" என்று அடித்துச் சொன்னாய். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் முதல் நாள் ராத்திரியே நாம் கரையில் இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தோம். பின்னால் ஒரு பல்பைப் போட்டால் ராப்பூச்சிகள் வந்து துணியில் உட்காரும், படம் எடுத்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டையில் என் மைத்துனன் தறியில் ஓடிய அகலத் துணி அது. நீ கேட்டாய் என்று நான்தான் வாங்கி வந்து கொடுத்தேன்.

காலையில் குழுவினர் மேற்குக் கரையில் நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கரை முழுக்க மீன் பிடிக்க வந்த ஜனம். நீ துணியை அவிழ்த்தாய். அதில் இன்னும் சில பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மடித்தால் நசுங்கிப் போகுமே என்று உனக்கு வருத்தம். கரையின் உச்சிக்கு ஏறினாய். துணியின் இரண்டு முனையையும் பிடித்து, காற்றில் நன்றாக ஒரு உதறு உதறினாய். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் வெள்ளை வீசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. உனக்கு அந்த நேரத்தில் பூச்சியைத் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை.

"வெள்ள வீசியாச்சு!" என்று எவனோ கத்தினான்.

அவ்வளவுதான். கிழக்குக் கரை அப்படியே சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. கண்மாயில் இருந்த அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பியது. நான் இன்றுவரை அப்படி ஒரு காட்சி பார்த்ததில்லை. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவர் நெற்றி நிறைய விபூதியோடு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மடைப் பக்கமிருந்து வந்தார். வீச வந்தவருக்கு முன்னால் மீன்பிடி பாதி நடந்துகொண்டிருந்தது.

"எவன்டா வீசுனது?" என்றார். பக்கத்தில் இருந்த ஒருவர், "கீழத்தெருக்காரன் வெள்ள வீசுற அளவுக்கு ஊரு ஆகிப்போச்சா?" என்று எடுத்துக் கொடுத்தார். மதுரைத் தம்பி ஒருவன் நல்ல எண்ணத்தில், "காத்துல பறந்துருச்சுங்க ஐயா" என்று ஆரம்பித்தான். நீ அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாய். நேராகக் கரையில் நின்ற உன் மைக் செட் வண்டிக்குப் போய் மைக்கை எடுத்தாய்.

"எல்லாரும் நில்லுங்க. வெள்ள வீசுனது நாந்தான். பூச்சிய உதறினேன், வேற ஒண்ணுமில்ல. தப்பு எந்தப்பு. ஐயா இன்னும் வீசலை. எல்லாரும் கரையேறுங்க."

மீன் மேல் கை வைத்துவிட்ட கூட்டத்தைக் கரையேறு என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். முதலில் யாரும் அசையவில்லை. நீ விடவில்லை.

"மஞ்சச் சட்டை மாப்ளே, உங்களத்தான். உங்கக்கா கல்யாணத்துக்கு விடிய விடியப் பாட்டுப் போட்டேன்ல? எனக்காக ஏறுங்க. சித்தப்பா, ஊத்தாவ எடுங்க. புடிச்சது புடிச்சதுதான், அதை யாரும் புடுங்க மாட்டாக. கரைக்கு வந்து இந்த வெள்ளப் பேசின் சட்டியில ஒருக்காக் காட்டிட்டு வச்சுக்கங்க. மதுரையில இருந்து வந்த அம்மா மீனைப் பத்திப் படிச்சவுக. நம்ம கண்மாய்ல என்னென்ன கெடக்குன்னு அவுகளும் பாக்கட்டும்."

வந்தார்கள்! முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தையும் சாவையும் ஊருக்குச் சொன்ன குரல் அது, தட்ட முடியவில்லை. அந்த அம்மா பேசின் முன்னால் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கெளுத்தி, குரவை, ஆரா, உளுவை, அயிரை என்று வரிசையாக வந்து விழுந்தன. ஒரு சின்னக் கெண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு, "இது இங்க இருக்குன்னு நான் நினைக்கவே இல்லை" என்று அவர் சொன்னபோது, அதைப் பிடித்த ஆள் பரிசு வாங்கியவர் போல நின்றார். பேசினைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. நீ பெரியவர் முன்னால் போய்க் கும்பிட்டு, "இப்ப வீசுங்க ஐயா" என்றாய்.

அவர் உன்னைப் பார்க்கவில்லை. துண்டை வீசினார். ஊர் இரண்டாம் தடவை இறங்கியது.

அதற்குப் பிறகு வருடா வருடம் கணக்கெடுப்பு நடந்தது. யாரும் போர்டு வைக்கவில்லை, யாரும் மாட்டைத் துரத்தவில்லை. நீ கொடுத்த வாக்கு நின்றது. மீன் பிடித்துக் கரையேறுகிறவரை "பேசின்ல காட்டியாச்சா?" என்று ஊர்க்காரர்களே கேட்கிற அளவுக்கு அது மீன்பிடியின் ஒரு சடங்காகவே ஆகிப்போனது. பெரியவர் மட்டும் உன்னிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் வந்தால் உன் தலைக்கு மேல் இருக்கிற குழாயைப் பார்த்துக்கொண்டு போவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நீ, "பேசாட்டி என்னடா? கண்மாய்க்கு வரவிட்டாகல்ல" என்பாய். ஆனாலும் அது உன்னை உறுத்தியது, எனக்குத் தெரியும். தேங்காய் உடைக்கும் நேரம் வந்தாலே மைக்கை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாய்.

போன ஐப்பசியில் கோயில் மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மருந்துக்காரன் சிநேகிதனாக இருந்தும் உனக்கு ஒரு மாத்திரை கொடுக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் சாவு சொன்ன உன் மைக்கில் உன் சாவை யார் சொல்வது? உன் மனைவி என் கையில் மைக்கைக் கொடுத்து, "நீங்களே சொல்லிருங்கண்ணே" என்றது. சொன்னேன். உன் பேர் வரைக்கும் சொன்னேன். மிச்சத்தை வேறு யாரோ சொன்னார்கள்.

இந்த வருடம் நீ இல்லாமல் நடத்த எனக்கு மனசே இல்லை. உன் மனைவிதான் உன் துணியைத் துவைத்து, தேய்த்து மடித்துக் கொண்டுவந்தது. "பூச்சிக்குக் கட்டுவீகல்ல? அவுக இருந்தா இந்நேரம் கட்டியிருப்பாக." கட்டினோம். காலையில் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். ஒவ்வொரு பூச்சியையும் விரலால் எடுத்துச் செடியில் விட்டேன். உதறவே இல்லை. துணியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு இறங்கும்போது பெரியவர் எதிரில் வந்தார். கையில் கம்பு, கூடவே பிடித்துக்கொள்ள ஒரு பேரன்.

"அதக் குடுங்க" என்றார். பழைய கோபம் போகவில்லை போலிருக்கிறது, பிடுங்கி எறியப்போகிறார் என்றே நினைத்தேன். கொடுக்காமல் நின்றேன்.

"அன்னைக்கு அவுக வீசுனது இதுதான?"

"ஆமாய்யா."

அவர் தன் துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு உன் துணியை வாங்கிக்கொண்டார். கம்பைப் பேரனிடம் கொடுத்தார். கரையில் இருந்த சனத்தைப் பார்த்து, "இது நம்ம மைக்செட்டு வச்சிருந்த துணி" என்று சத்தமாகச் சொன்னார். மைக் இல்லை. அவர் குரல் உடைந்துபோன குரல். ஆனாலும் கரை முழுக்கக் கேட்டது.

இரண்டு கையாலும் பிடித்து வீசினார். வயசான கையில் பிடி நிற்காமல் துணி நழுவிக் காற்றோடு போய்த் தண்ணீரில் விழுந்தது. ஊர் அதன் மேலேயே இறங்கி ஓடியது. அரை மணி கழித்து, அன்று மஞ்சள் சட்டை போட்டிருந்தாரே, அவர் அந்தத் துணியிலேயே அயிரையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து பேசினில் கொட்டினார்.

நான் அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், கண்மாய்க் கரையில் அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன். துக்கமும் இருந்தது. அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

சேறு சொட்டச் சொட்ட நான் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். "மருந்துக்காரரே, பத்திரமா வச்சிருங்க. பூச்சிக்கு வேற துணி பாத்துக்கங்க. இனி வருசா வருசம் கண்மாய்க்கு இதுதான்."

அதனால்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். அடுத்த மீன்பிடிக்கு உன் மனைவி கையால் ஒரு அலசு அலசி வாங்கிக்கொள்கிறேன். அதுவரை உன் ஊர்ச் சேறு அதிலேயே இருக்கட்டும். அன்று பூச்சிக்காக நீ உதறிய துணிக்கு, இனி ஊரே காத்து நிற்கும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: நம்ம பக்கம் நிறைய இருக்குதடா.