பக்கத்து வீட்டு ஓடை

ஜூன் 9
காலையில் குப்பை வைக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஒகுமுரா அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, உங்க மீன் தொட்டிச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. மலை ஓடைக்குப் பக்கத்துல குடியிருக்கிற மாதிரி குளுகுளுன்னு இருக்கு" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். ரொம்ப நன்றி என்று குனிந்து வணங்கிவிட்டு வந்தேன்.

மனைவி சயோகோவிடம் சொன்னதும் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நன்றின்னா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது?"

"அது பாராட்டு இல்லைங்க. சத்தம் தாங்கலைன்னு சொல்லியிருக்காங்க. நீங்க பல்லைக் காட்டிட்டு வந்திருக்கீங்க."

இந்த கியோட்டோவிலேயே பிறந்தவள், இங்கே குறையைப் பாராட்டு மாதிரிதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் இதே அம்மா எதிர் வீட்டில் "உங்க பொண்ணு பியானோ நல்லா வாசிக்கிறா" என்றார். மறுநாளிலிருந்து அந்த வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. நான் வடக்கே ஹச்சினோஹே துறைமுகத்துக்காரன். எங்கள் ஊரில் சத்தமாக இருந்தால் சத்தம் என்றுதான் சொல்வார்கள், அதையும் சத்தமாகச் சொல்வார்கள்.

ஜூன் 10
சயோகோவின் தீர்ப்பு வந்துவிட்டது. "எங்க தாத்தா காலத்துலேருந்து ரெண்டு வீட்டுக்கும் இந்தச் சுவர் பொது. ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை. அடுத்த மாசம் கியோன் திருவிழாவுக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா தொட்டி போகட்டும்."

வீட்டோடு மாப்பிள்ளை என்ன பேசுவது? இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கடல்மீன் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் மாமனார் வீட்டுச் சாமான், நான் உட்பட.

விட மாட்டேன்.

ஜூன் 14
சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர், ஒற்றைக் குழாயில் காற்றையும் விழுங்கிக்கொண்டு அடியில் உள்ள வடிகட்டும் தொட்டிக்கு இறங்குகிறது. மடக் மடக் என்று குடிகாரன் குடிப்பது போல. அதன் கூடவே மோட்டார் முனகல்.

ஆகவே கீழ்த்தொட்டியையும் மோட்டாரையும் கொல்லைப்புறச் சாமான் அறைக்கு நாடு கடத்துகிறேன். இங்கிருந்து மூன்று குழாய். முதல் குழாயில் ஒரு வால்வு வைத்து, காற்றே புகாமல் முழுக்கத் தண்ணீரால் நிரம்பி ஓட விட வேண்டும். காற்று இல்லையென்றால் பேச்சு இல்லை. மிச்சம் மீதி வழிவது இரண்டாவது குழாயில். மூன்றாவது எப்போதும் சும்மா நிற்கும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் தண்ணீர் அதில் தடதடவென்று விழுந்து ஊரைக் கூட்டும்.

மூன்றாவது குழாய் எங்கள் ஊர்க்காரன்.

ஜூன் 21
மழை. தரைப் பலகையைப் பெயர்த்து அடியில் ஊர்ந்தேன். சமையலறைக்குக் கீழே சிலந்தி வலையெல்லாம் தலையில். மேலிருந்து சயோகோ, "உயிரோட இருக்கீங்களா?" இருக்கிறேன் என்றேன். "அப்ப அந்தப் பக்கம் எலி இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

ஜூன் 22
முதுகு போயிற்று.

ஜூன் 28
ஓட விட்டேன். முன்பைவிட மோசம். இருமுகிறது, ஏப்பம் விடுகிறது, நடுநடுவே மூச்சை இழுக்கிறது. தண்ணீர் ஏறி மூன்றாவது குழாய்க்குள்ளும் விழுந்து, அது வேறு கத்தல். ஒகுமுரா வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், அந்த அம்மாவின் வீட்டுக்காரர், பக்கவாதம். இத்தனை சத்தத்தையும் அவர்தானே கேட்டிருப்பார்? ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

சயோகோ நாள்காட்டியைத் திருவிழாப் பக்கத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். ஏன் இந்தப் பாடு எனக்கு? பேசாம மீனையெல்லாம் யாருக்காவது தூக்கிக் குடுத்துரலாமா?

ஜூலை 3
இரண்டு தப்பு, இரண்டும் என்னுடையது. தரையைத் தாங்கும் உத்தரக்கட்டை ஒன்றைத் தாண்டக் குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டிருந்தேன். அந்தக் கூனில் காற்று போய் உட்கார்ந்துகொண்டது. கட்டைக்கு அடியில் விட்டுக் கடைசிவரை சரிவாக்கினேன். அடுத்தது, கொல்லையில் குழாயின் வாயைக் கீழ்த்தொட்டித் தண்ணீரில் ஆழமாக முக்கியிருந்தேன். காற்று வெளியேற வழியில்லை. வாய் லேசாக மட்டும் முங்கும்படி வெட்டினேன்.

ஜூலை 5
மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரம் குமுறியது. பிறகு வால்வைத் துளித்துளியாகத் திருகத் திருக, சட்டென்று அடங்கிவிட்டது. தண்ணீர் ஓடுகிறதா என்றே சந்தேகம். மீன்கள்பாட்டுக்கு நீந்துகின்றன. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று மோட்டாரை நிறுத்தியும் பார்த்தேன். இறங்கிய தண்ணீர் அத்தனையும் கீழ்த்தொட்டிக்குள் அடங்கியது.

சயோகோ சுவரில் காதை வைத்துக் கேட்டாள். "கெட்டிக்காரர்தான்" என்றாள். அவள் இப்படிச் சொல்லி எத்தனை வருடம்.

ஜூலை 8
ஒகுமுரா அம்மா, வாசலில்: "இப்பல்லாம் உங்க வீடு ரொம்ப அமைதியா இருக்கே, மாப்பிள்ளை."

சயோகோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்படின்னா நாம ஒட்டாம இருக்கோம், திமிரா இருக்கோம்னு அர்த்தம்." உடனே இனிப்புப் பெட்டியோடு போனாள். "இவ்வளவு நல்ல இனிப்பு எங்களுக்கு எதுக்கும்மா" என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று சாப்பாடு ஆறும்வரை ஆராய்ச்சி.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஜூலை 11
கேட்டேவிட்டேன். சயோகோ கடைக்குப் போயிருந்தாள், இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

"ஒகுமுரா அம்மா, நான் வடக்கத்தியான், சுத்தி வளைச்சா புரியாது. தொட்டிச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சா, இல்லையா?"

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், தெளித்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்டுக்காரர் கட்டில் அந்தச் சுவரோரம்தான். நல்லா இருந்தப்ப கோடை முழுக்க ஆத்துலதான் கிடப்பார், தூண்டிலும் கையுமா. இப்ப வாயிலேருந்து வர்றது நாலஞ்சு வார்த்தைதான். உங்க சத்தம் கேட்டா 'ஆறு'ம்பார். சாப்பிடுவார். இப்ப சுவரையே பாத்துக்கிட்டு வாயைத் திறக்க மாட்டேங்கிறார். நிறுத்தினவங்ககிட்ட எப்படி மறுபடியும் போடுன்னு கேக்கறது? அது மரியாதையா?"

ஓடை என்றால் ஓடையேதான். பாவி, அந்த மனுஷர் சோத்துல மண்ணள்ளிப் போடத்தான் இந்த ஒரு மாசமும் தரைக்கடியில ஊர்ந்திருக்கேன்.

சயோகோ வந்ததும் சொன்னேன். கடைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "வால்வு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 12
வால்வை ஒரு சுற்று மூடினேன். முதல் குழாய் குறைவாக இழுக்க, மிச்சத் தண்ணீர் இரண்டாவது குழாயில் சலசலவென்று இறங்கியது. சயோகோ சுவரோரம் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 13
வாசலில் ஒகுமுரா அம்மா.

"மாப்பிள்ளை, நேத்து அவர் கஞ்சி முழுக்கக் குடிச்சார். ஆனா சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்குத் தூக்கமே இல்லை. கொஞ்சம் குறைங்க."

ஓடி வந்து சயோகோவிடம் அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை. "நேரா சொன்னாங்களா? அந்த அம்மாவா? உங்ககிட்டயா?"

என்னிடம்தான். இந்தத் தெருவில் மாப்பிள்ளையாகி இத்தனை வருடத்தில், ஒருவர் உள்ளதை உள்ளபடி என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

வால்வைக் கால் சுற்று திறந்துவிட்டேன்.