பட்டாணி மாமா நிற்கும் கதவு

இன்வர்கார்கில்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்புள்ள ஃபெர்ன்,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்கவும் செய்கிறேன். பெர்த்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் விமானம் ஏறியவள், அதற்குப் பிறகு நான்கு மாதமாகப் போனை எடுப்பதில்லை. "வேலையில் இருக்கிறேன்" என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிடு.

போன வாரத் தெற்குக் காற்றில் பின்பக்கக் கூரையின் தகரம் பெயர்ந்து விழுந்தது. விரெமு வந்து மாட்டிக் கொடுத்தார். பால் லாரி வேலைக்கு நடுவே ஆற்றில் வலை போட்டுப் பிடித்த பொடிமீனும் ஒரு டப்பா கொண்டுவந்தார். முட்டையில் கலந்து பொரித்தேன். ஒரு ஆளுக்கு அது அதிகம். நோலினுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றால் எப்படிக் குறையும்?

ஞாயிறு மதிய ஆட்டம் நிற்கவில்லை. இதை உன்னிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியாது. அப்பாவின் நண்பர்கள் இருவரும் வழக்கம்போல வருகிறார்கள், முன்னறை மேசையில் நிலவறைப் பலகையை விரிக்கிறார்கள். கம்பெனியே என்றோ கைவிட்ட ஒரு பலகை விளையாட்டுக்கு, வளர்ந்த மனிதர்கள் இன்னும் புது அறை கட்டுவதும் புதுப் பூதம் வரைவதும் எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. அப்பாவின் இணையதளத்தில் எல்லாம் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் அதன்மேல் கட்டிச் சேர்க்கலாம். அவர் போன பிறகும் தளத்துக்கு ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள்.

பூதங்களை நகர்த்துவது எப்போதும் அவர்தான். தொண்டை நோயில் குரல் போன பிறகு, தனக்குப் பதிலாகப் பூதங்களை நகர்த்த ஓர் அட்டைக்கட்டு செய்தார். தனியாக விளையாடுகிறவர்களுக்கு என்று சொல்லித் தளத்திலும் போட்டார். உன்னைத்தான் அச்சிட்டு வெட்டச் சொன்னார். நீ பாதியில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "நீ இல்லாம விளையாடறதுக்கு என்னையே வெட்டச் சொல்றியாப்பா?" என்று கேட்டாய். அந்த மாதமே பெர்த்தில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு கிளம்பினாய். அவர் மூச்சு நின்றபோது நீ திரும்பி வரும் விமானத்தில் இருந்தாய்.

ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து உரக்க வாசிக்க வேண்டும். அப்பா எப்படி எழுதியிருப்பார் என்று உனக்குத் தெரியும். விரெமு வாசிப்பார்: "வந்துட்டாரு பாரு பால்காரர். எருமை மாதிரி இடிக்காம ஒரு தடவையாவது கதவைத் தட்டேன்டா. ரெண்டு எலும்புக்கூடு உன் முதுகுக்குப் பின்னாடி." நோலினுக்கு, "மந்திரத்தை மிச்சம் பிடிச்சு பேங்க்லயா போடப்போற, நோலின்?" என்று வரும். விரெமு தன்னையறியாமல் அப்பாவைப் போலவே இழுத்து வாசிக்கிறார். சமையலறையில் இருந்து கேட்டால் உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். நான் குழாயை மூடிவிட்டு நின்று கேட்பேன்.

கட்டு தீர்ந்தால் கலைத்துப் போட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டும். எருமை அட்டை முதல் முறை வந்தபோது இருவரும் அழுதார்கள். அடுத்த முறை சிரித்தார்கள். ஜூலையில் அது மறுபடி வந்தபோது விரெமு பாதியில் நிறுத்தி அட்டையைக் கவிழ்த்தார். "அவன் ஒரே ஜோக்கை அதே மாதிரி திருப்பிச் சொன்னதே இல்லையே, ஜஸ்டீன்" என்றார். அன்றுதான் அவருக்குத் தன் நண்பன் இறந்தது தெரிந்ததுபோல் இருந்தது அவர் முகம்.

நோலின் ஒரு வழி கண்டுபிடித்தார். தளத்தில் யார்யாரோ அப்பாவின் கட்டுக்குப் புது அட்டைகள் எழுதிச் சேர்க்கிறார்கள், அவர் பேசுவதுபோலவே. போலந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர். எனக்கு அது பிடிக்கவில்லை. இறந்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பதுபோல இருக்கிறது என்றேன். நோலின் கேட்பாரா? "நீ புள்ளியியல் டீச்சரு. உனக்கு சிரிக்கிறதுக்கும் ஆதாரம் வேணும்" என்றார். மாதத்துக்கு ஒரு முறை புதியவற்றை அச்சிட்டு, வெட்டி, படித்துப் பார்க்காமலே கட்டில் கலந்துவிடுகிறார். முன்கூட்டியே படித்தால் நிலவறையில் பயம் போய்விடுமாம்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. நான் சீஸ் ரோல் தட்டோடு முன்னறை வாசலில் நின்றிருந்தேன். நான் உள்ளே போவதில்லை, உனக்குத் தெரியும். நோலின் ஒரு கதவைத் திறந்து அட்டையை எடுத்து வாசித்தார்:

"இந்தக் கதவுக்குப் பின்னாடி பட்டாணி மாமா நிக்கிறாரு. யாரும் அடிக்காதீங்க, அவரு சண்டைக்கு வரல. வாசல்ல ஒருத்தி தட்டோட நின்னுக்கிட்டிருப்பா. அவளை உள்ள வந்து உக்காரச் சொல்லுங்கப்பா. குளிருதுன்னு அவளா வாயைத் திறந்து சொல்ல மாட்டா."

"யாருய்யா அது பட்டாணி மாமா?" என்றார் விரெமு. நோலின் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

ஈட்டி உடைந்த அந்தப் பச்சைக் குட்டிச்சாத்தான் பொம்மைக்கு ஆறு வயதில் நீ வைத்த பெயர் அது. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவாய். அதற்குப் பிறகு அது விளையாட்டுப் பெட்டிக்குத் திரும்பவே இல்லை. அந்தப் பெயரை அப்பா தளத்தில் எழுதியதில்லை, இவர்களிடமும் சொன்னதில்லை. நம் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

ஃபெர்ன், நான் நம்பினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. தளத்தில் ஒவ்வொரு அட்டைக்குப் பக்கத்திலும் அது சேர்க்கப்பட்ட தேதி இருக்கும். போய்ப் பார்த்தால் முடிந்தது. தரவைப் பாருங்கள், தரவைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் வருடம் முழுக்கச் சொல்கிறவள், ஒரு வாரம் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. அந்த வாரம் நடைவழி ஹீட்டரை அணைக்கவே இல்லை. அதைப் போடச் சொல்லி அப்பா என்னோடு எத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறார்! கல்லூரியிலிருந்து சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். வந்து, கோட்டைக் கழற்றாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். சொன்னபடி உட்கார்ந்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதுபோல.

பிறகு பார்த்தேன். ஆகஸ்டில் சேர்த்தது. சேர்த்தவர் பெயர் எனக்குத் தெரியாத புனைபெயர். மூன்று பேரில் ஒருவர் மே மாதம் இறந்துவிட்டார். ஒருத்தி நான்.

அந்தப் பெயரில் இருந்த மற்ற அட்டைகளையும் படித்தேன். எல்லாம் அப்பாவின் பேச்சு. அவர் இருமிவிட்டுத் தொடர்வதைக்கூட எழுதியிருக்கிறாய். ஒன்றில், "குள்ளன் இன்னைக்கு ஆட்டத்துல இல்ல. அவ வர நேரமாகும். எனக்கு அதுல ஒரு கோபமும் இல்ல, யாரும் அவளைத் திட்டாதீங்க" என்று இருந்தது. குள்ளன் ஆட்டத்தில் நீ நகர்த்தும் பொம்மை. அதை மட்டும் பலமுறை படித்தேன்.

நோலினிடமும் விரெமுவிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். போலந்துக்காரரைவிட நீ நன்றாக எழுதுகிறாய். எனக்குப் பயமே அதுதான். வேலை முடிந்து அறைக்கு வந்து, நாள்தோறும் நீ அவராக உட்கார்ந்து பேசுகிறாய். நான்கு மாதமாக உன் குரலை நான் கேட்கவில்லை. உன் குரல் என் முன்னறையில் அவர் குரலாக வருகிறது. ஒருவரைப் புதைத்தாயிற்று. இன்னொருத்தியும் அவருக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அவருக்கு உன்மேல் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கடைசி இரண்டு நாளும் அவர் கண்ணைத் திறக்கவில்லை, எதையும் எழுதிக் காட்டவுமில்லை. தெரியாததைத் தெரிந்ததாக, உன் ஆறுதலுக்காகக்கூட, என்னால் சொல்ல முடியாது. என்னைப் பற்றி மட்டும் சொல்லலாம். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ கிளம்பியபோதும் இல்லை, விமானம் தாமதமாக வந்தபோதும் இல்லை, அடக்கத்துக்கு மறுநாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இல்லை. மன்னிப்பை அவர் வாயிலிருந்து நீயே எழுதி வாங்க வேண்டாம். கேட்பதற்கு நான் உயிரோடு இருக்கிறேன். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

அட்டைகளை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்ததை உன் பெயரில் எழுது, நீ பேசுவதுபோல எழுது. என்னைத் திட்டித்தான் எழுத வருகிறதென்றால் திட்டி எழுது. நோலின் வாசிக்கட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.

நீ நல்லபடியாக, நெடுநாள் இருக்க வேண்டும். அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதம் வந்து சேர்ந்திருக்கும் என்று தோன்றும் நாளில் போன் செய்வேன். எடு, ஃபெர்ன். ஒன்றும் பேச வேண்டாம். நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

உன் அம்மா,
ஜஸ்டீன்