அட்டவணையில் விட்டுப்போன வேலை

மார்ச் 4, திங்கள்

சம்பள உயர்வு மசோதா இன்று அச்சகத்துக்கு வந்தது. அரசு ஊழியர் எல்லோரும் இரண்டு வருடமாக எதிர்பார்த்தது. மூலப்பிரதி வாசிக்கும் வேலையில் இருப்பவள் என் எதிரே உட்கார்ந்து உரக்கப் படிப்பாள், அச்சான தாளில் நான் பிழை பார்ப்பேன். பதினோரு வருடமாக ஒரே மேசை.

"இது வந்துட்டா கீழ்த்தளத்துக்குப் போயிடுவேண்ணே" என்றாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போன புருஷனை மாடியிலிருந்து இறக்க ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வீடு பார்த்தும் வைத்துவிட்டாளாம். மாதக் கடைசி வரை பொறுப்பார்களாம்.

மார்ச் 6, புதன்

நான்காம் பிரிவும் ஒன்பதாம் பிரிவும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சந்தேகச் சீட்டு எழுதி, மசோதா தயாரித்த துறைக்கு அனுப்பினேன். புது அதிகாரி அதன் மேலேயே எழுதித் திருப்பியிருக்கிறார்: "எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தால் போதும்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். கழித்துப்போட்ட தாள்களைப் பொறுக்கிப் படித்துத்தான் சட்டத்தின் பாஷை எனக்கு வந்தது. அதற்காக? முப்பத்தெட்டு வருடத்தில் ஒருவரும் இப்படி எழுதியதில்லை. இனி என் கையிலிருந்து ஒரு சீட்டு போகாது.

மார்ச் 7

இன்று நடந்ததை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

மாலையில் கடைசி அட்டவணை. எந்தெந்த வேலைக்கு உயர்வு என்ற பட்டியல். அச்சகப் பகுதியைப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அச்சுக் கோக்கறவர் இருக்கு, பைண்டர் இருக்கு, நீங்க இருக்கீங்க. என் வேலை இல்லையேண்ணே."

"மூலத்துல இருக்கா?"

"அதுலயே இல்ல."

"அப்ப சரியாத்தான் அச்சாகியிருக்கு."

"ஒரு சீட்டு எழுதிப் போடுங்களேன். நான் எழுதினா வாங்க மாட்டாங்க."

"எழுத்தை மட்டும் பாருன்னுட்டாங்கம்மா. பாத்தாச்சு."

சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிய பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

மேலே இருப்பவர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேனா? இல்லை. அந்த அதிகாரி மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மார்ச் 8

ஃபோர்மேனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "அவர் கையெழுத்துப் போட்டாச்சு, மெஷின் ஓடுது" என்றாராம். திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். வழக்கம்போல் படித்தாள்.

மார்ச் 19

மசோதா நிறைவேறிவிட்டது. இனிப்பு கொடுத்தார்கள். அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 20

துறைக்கு நேரில் போனேன். அதிகாரிக்கு என் மகன் வயதுதான். எழுந்து நின்று நாற்காலி போட்டார். அதுவே எரிச்சலாக இருந்தது.

"பழைய பட்டியலைப் பார்த்து எழுதினதுல விட்டுப்போச்சு ஐயா. ஒரு சீட்டு வந்திருந்தா அன்னைக்கே சேத்திருப்பேன். இனிமே திருத்த மசோதாதான். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

விட்டது அவர். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தெரிந்தே விட்டது?

வீட்டில் சொன்னேன். "அவன் மேல இருந்த கோவத்துக்கு இவ வயித்துல அடிச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. சாப்பாட்டை வைத்துவிட்டு, எதிரே உட்காராமல் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 2

கீழ்த்தள வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்களாம். ஃபோர்மேன் சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 22

பைண்டிங்குக்கு மாற்றல் வாங்கிவிட்டாள். அது பட்டியலில் உள்ள வேலை. ஆனால் பதினோரு வருடப் பணிமூப்பு போய்விடும், நேற்றுச் சேர்ந்தவளுக்கும் பின்னால் நிற்க வேண்டும். "உக்காந்து உக்காந்து முதுகு போச்சுண்ணே, அதான்" என்றாள். என் மனம் நோகக் கூடாதென்று ஒரு காரணம். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அது எனக்குப் பழக்கம்.

மே 6

அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அப்படி ஒரு வேலையே பட்டியலில் இல்லையாம். நானே ஒரு வரி படித்து, நானே பார்க்கிறேன். பாதி நாளில் தொண்டை கட்டிவிடுகிறது.

மத்தியானம் பைண்டிங்குக்குப் போனேன். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே முடிவு செய்திருந்தேன். நின்றபடியே தாள் மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை.

"சாப்டியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆச்சுண்ணே. நீங்க?"

"ம்."

மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. என் மேசைக்குத் திரும்பி, விட்ட வரியிலிருந்து படித்தேன்.